ஓ.டி.சி. (அளவு மீறிய) சரக்கு கைக்கு வந்தால்: ரயிலுக்கும் லாரிக்கும் அளவு, எடை பார்ப்பது எப்படி

டிரான்ஸ்பார்மர், பாய்லர் டிரம், கிரஷரின் அடிப்பாகம் என்று எதுவாக இருந்தாலும், அது முதலில் உங்கள் மேசைக்கு ஒரு காகிதமாகத்தான் வரும். அதில் நீளம், அகலம், உயரம், எடை என்று நான்கு எண்கள் இருக்கும். "இது ரயிலில் போகுமா, ரோட்டில் போகுமா, எப்போது போகும்?" என்று கேட்பார்கள். புதிதாக இந்த வேலைக்கு வந்தவர் அந்த நான்கு எண்களையும் ஒரு சட்ட அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவிடுவார். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

சரக்கின் அளவு பாதிக் கணக்குதான். வண்டி மேல் ஏறிய பிறகு, போகிற வழியிலேயே ஆகக் குறுகலான இடத்தில், அந்தச் சரக்கு எவ்வளவு இடம் கேட்கிறது என்பதுதான் மீதிப் பாதி. ஐநூறு கிலோமீட்டர் வழியில் ஒரே ஒரு பாலம் நான்கு விரல் தாழ்வாக இருந்தால், உங்கள் வரம்பு அந்தப் பாலம்தான். மற்ற இடமெல்லாம் தாராளமாக இருந்து பயனில்லை.

பேச்சுக்கு ஒரு இயந்திரத்தை வைத்துக்கொள்வோம்: நீளம் 9.2 மீட்டர், அகலம் 3.4 மீட்டர், உயரம் 3.7 மீட்டர், எடை 62 டன். இதையே கடைசி வரை கூட்டிக்கொண்டு போகிறேன். கணக்கு ஒன்றை முழுதாகப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

முதல் படி: காகிதத்தை நம்பாமல் அளந்து பாருங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டேங்கை அனுப்பினேன். டிராயிங்கில் இருந்த உயரத்தை அப்படியே எடுத்து அனுமதிக்கு எழுதினேன். லோடு ஏற்றி வண்டி கிளம்பியது. முன்னால் போன பைலட் வண்டியின் உயரக் கம்பம் உரசாமல் தாண்டிய ஒரு பாலத்தின் முன்னால், டிரைவர் சந்தேகப்பட்டு வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கிப் பார்த்தால் டேங்கின் மேல் இரண்டு லிஃப்டிங் லக், கொக்கி மாட்டும் காதுகள், தலா 14 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தன. டிராயிங்கில் அவை இல்லை. தொழிற்சாலையில் கடைசி நேரத்தில் பற்றவைத்திருக்கிறார்கள். கம்பத்தின் உயரத்தை நான் கொடுத்த எண்ணை வைத்துத்தான் அமைத்திருந்தார்கள். அந்த டிரைவர் நிறுத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. வண்டி இரண்டு நாள் ஓரத்தில் நின்றது. அன்றிலிருந்து டேப் இல்லாமல் நான் லோடு பார்க்கப் போவதில்லை.

அளக்கும்போது லக், ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பின் விளிம்பு), நாசில் (குழாய் வாய்), பெயர்ப்பலகை, கழற்றாமல் விட்ட போல்ட் எல்லாவற்றையும் சேர்த்து, ஆக வெளியே நிற்கும் புள்ளியிலிருந்து ஆக வெளியே நிற்கும் புள்ளிக்கு அளக்க வேண்டும். மரப்பெட்டி போடுவார்கள் என்றால் பெட்டியின் வெளி அளவு. தார்ப்பாய் மூடினால் அதன் மடிப்புக்கும் கயிற்றுக்கும் இடம். பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் செயின் சரக்கைத் தாண்டி வெளியே வந்தால் அதுவும் அகலத்தில் சேரும்.

எடையில் வேறு விதமான பொறிகள் உண்டு. முதலாவது, டன் என்ற சொல். மெட்ரிக் டன் 1000 கிலோ. அமெரிக்காவின் ஷார்ட் டன் 907 கிலோ. பழைய பிரிட்டிஷ் லாங் டன் 1016 கிலோ. வெளிநாட்டு டிராயிங்கில் வெறுமனே 'டன்' என்று இருந்தால் எது என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது, எந்த நிலையில் எடை. டிரான்ஸ்பார்மரைப் பொருத்திய பிறகு இருக்கும் எடை வேறு, எண்ணெயை வடித்துவிட்டு உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ நிரப்பி அனுப்பும் எடை வேறு. நமக்கு வேண்டியது அனுப்பும்போது உள்ள எடை. இயந்திரத்தை உட்கார வைக்கும் இரும்புச் சட்டம், மரக்கட்டைகள், செயின்கள் எல்லாம் சேர்ந்தால் சில டன் கூடிவிடும். அதையும் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவது ஒன்றைப் பலர் கேட்கவே மாட்டார்கள்: எடையின் மையம் எங்கே இருக்கிறது? நீளவாக்கில் நடுவிலா, ஒரு பக்கம் சாய்ந்தா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில்? இது இல்லாமல் ஆக்சில் (சக்கரங்களைக் கோக்கும் அச்சு) ஒவ்வொன்றிலும் விழும் எடையைக் கணக்குப் போடவே முடியாது. தயாரித்தவரிடம் கேட்டு, டிராயிங்கில் குறி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், எதைக் கழற்றலாம் என்று கேளுங்கள்

பெரும்பாலான நாடுகளில் வரம்பு மீறிய லோடுக்கு அனுமதி கிடைப்பது, அது 'பிரிக்க முடியாத' சரக்காக இருந்தால் மட்டும்தான். இரண்டு சிறிய பெட்டிகளை ஒன்றாகக் கட்டி வைத்து "பெரிய லோடு" என்று கேட்டால் கிடைக்காது. அதனால் அனுமதி கேட்பதற்கு முன்னாலேயே தயாரிப்பாளரோடு உட்கார்ந்து பேசுவது நல்லது. கைப்பிடிக் கம்பி, ஏணி, குளிரூட்டும் ரேடியேட்டர், மேலே நிற்கும் குழாய் போன்றவற்றைக் கழற்றினால் பல நேரம் 30, 40 செ.மீ. குறையும். அந்த 30 செ.மீ. ஒரு ஊரைச் சுற்றிப் போகும் நூறு கிலோமீட்டரை மிச்சப்படுத்தலாம்.

படுக்க வைக்கலாமா என்பதையும் கேளுங்கள். ஆனால் நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். உள்ளே பேரிங் இருக்கும் இயந்திரமும் டிரான்ஸ்பார்மரும் நிற்க வேண்டிய விதத்தில்தான் நிற்க வேண்டும்.

ரோட்டில் சாதாரண வரம்பு எங்கே முடிகிறது

எந்த நாட்டில் ஓடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான். ஆனாலும் எண்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அகலம் 2.55 மீட்டர், உயரம் 4 மீட்டர், டிராக்டர் எனப்படும் இழுக்கும் முன்வண்டியும் செமி டிரெய்லரும் சேர்ந்த நீளம் 16.5 மீட்டர், நாடு விட்டு நாடு ஓடும் வண்டிக்கு மொத்த எடை பொதுவாக 40 டன், எஞ்சின் சக்தி வாங்கும் ஆக்சிலுக்கு 11.5 டன். இந்தியாவில் அகலம் 2.6 மீட்டர், உயரம் 4 மீட்டர். 2018-இல் வரம்பை உயர்த்திய பிறகு நான்கு டயர் உள்ள தனி ஆக்சிலுக்கு 11.5 டன், இரட்டை ஆக்சிலுக்கு 21 டன், மொத்தம் 55 டன். அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலைகளில் அகலம் 102 அங்குலம், அதாவது சுமார் 2.6 மீட்டர், தனி ஆக்சிலுக்கு 20,000 பவுண்டு, இரட்டை ஆக்சிலுக்கு 34,000 பவுண்டு, மொத்தம் 80,000 பவுண்டு. அங்கே உயரத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று வைத்திருக்கிறது, வரம்பு மீறினால் அனுமதியும் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக வாங்க வேண்டும். பிரிட்டனில் லாரியின் உயரத்துக்குப் பொதுவான சட்ட வரம்பே இல்லை, 5.03 மீட்டருக்குத் தாழ்ந்த பாலங்களில் பலகை வைத்திருப்பார்கள், பார்த்துப் போவது உங்கள் பொறுப்பு.

நம்முடைய இயந்திரம் 3.4 மீட்டர் அகலம். மேலே சொன்ன எந்த நாட்டிலும் சாதாரண லோடாகப் போகாது என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. எந்த வண்டியில் ஏற்றுவது என்று பார்ப்போம்.

உயரத்துக்கு வண்டித் தளத்தின் உயரம்தான் ஆதாரம். சாதாரண பிளாட்பெட் டிரெய்லரின் தளம் தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர். தளம் தாழ்ந்த லோபெட் என்றால் சுமார் 0.9 மீட்டர். ஹைட்ராலிக் ஆக்சில் எனப்படும் மாடுலர் டிரெய்லர் சுமார் 1.15 மீட்டரில் ஓடும். தேவைப்பட்டால் ஏற்றவும் இறக்கவும் முடியும். அடியில் போடும் கட்டைக்கு 5 செ.மீ. சேர்த்தால் நம் இயந்திரம் பிளாட்பெட்டில் 5.25, லோபெட்டில் 4.65, மாடுலரில் 4.90 மீட்டர். ஒரே இயந்திரம், 60 செ.மீ. வித்தியாசம். பாலத்தின் அடிக்கும் லோடின் உச்சிக்கும் இடையே குறைந்தது 15 செ.மீ. இல்லாமல் நான் வண்டியை விட மாட்டேன். வண்டி ஓடும்போது குதிக்கும், பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கும்போது பின்பக்கம் தூக்கும்.

எடைக்கு வருவோம். இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள். மொத்த எடையைப் பார்த்து மலைத்து நிற்பார்கள். ரோட்டையும் பாலத்தையும் வதைப்பது பெரும்பாலும் மொத்த எடை அல்ல, ஒவ்வொரு ஆக்சிலும் தரையில் அழுத்தும் எடையும் ஆக்சில்களுக்கு இடையில் இருக்கும் தூரமும்தான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டியே சோதித்துப் பார்த்ததில் கிடைத்த தோராய விதி ஒன்று உண்டு: ஆக்சில் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் சுமார் பதினாறு மடங்கு. ஆகவே பெரிய எடைக்குத் தீர்வு, ஆக்சில்களைக் கூட்டி எடையைப் பரப்புவது.

மாடுலர் டிரெய்லரின் ஒரு ஆக்சில் வரிசை சொந்தமாகச் சுமார் 4 டன் இருக்கும். உங்கள் வழியில் ஒரு வரிசைக்கு 12 டன் வரை விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வரிசை வேண்டும்? ஒவ்வொரு வரிசையும் தன் எடை போக 8 டன் சரக்கைத் தாங்கும். 62-ஐ 8-ஆல் வகுத்தால் 7.75. எட்டு வரிசை. டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து 94 டன். வரம்பு நாட்டுக்கு நாடு நிறைய மாறும்; இந்தியாவில் எட்டு டயர் கொண்ட மாடுலர் வரிசைக்குச் சட்டத்தில் 18 டன் வரை இருக்கிறது. ஆனால் வழியிலுள்ள பழைய பாலம் ஒன்று அதைத் தாங்காது என்று பொறியாளர் சொன்னால், சட்டத்தின் எண்ணைக் காட்டி வாதாட முடியாது. வரிசையைக் கூட்டுங்கள் அல்லது வழியை மாற்றுங்கள்.

எடையின் மையம் டிரெய்லரின் நடுவுக்கு நேராக வரும்படி உட்கார வைப்பதும் இதோடு சேர்ந்தது. கண்ணுக்கு நடுவாகத் தெரிவது நடுவாக இருக்காது. ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் வெற்றுக் கூடு என்றால் இயந்திரம் டிரெய்லரில் ஒதுங்கி நிற்பது போலத்தான் தோன்றும், அதுதான் சரி.

இழுக்கும் சக்தியையும் பாருங்கள்

இதை அளவு, எடை வரம்பில் யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன், ஏனென்றால் மேட்டில் நின்றுபோன லோடு எல்லாச் சட்டத்தையும் மீறி நிற்கும் லோடு.

94 டன்னோடு, அதை இழுக்கும் 26 டன் எடையுள்ள புல்லர் வண்டி ஒன்றைச் சேர்த்தால் 120 டன். வழியில் 6 சதவீத ஏற்றம் ஒன்று இருக்கிறது. மேலே ஏற மட்டும் 120-இல் 6 சதவீதம், 7.2 டன் இழுவிசை. டயர் உருள்வதற்குச் சுமார் 1.5 சதவீதம், 1.8 டன். கூட்டினால் 9 டன். புல்லரின் இழுக்கும் ஆக்சில்கள் மேல் 20 டன் எடை இருந்தால், காய்ந்த ரோட்டில் டயரின் பிடிப்பு சுமார் 0.6 என்று எடுக்கலாம்: 12 டன் வரை இழுக்கும், போதும். மழையில் பிடிப்பு 0.4-க்கு இறங்கினால் 8 டன்தான். எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி இருந்தாலும் சக்கரம் வழுக்கிச் சுற்றும். புல்லரின் முதுகில் கான்கிரீட் கட்டியோ இரும்போ வைத்து ஓட்டுவது இந்தக் காரணத்துக்காகத்தான். ஈரத்தில் ஏற வேண்டி வரலாம் என்றால் இரண்டாவது புல்லர் பக்கத்தில் இருக்கட்டும்.

ரயில்: பெட்டி வடிவம் அல்ல, கூரை வடிவம்

ரயிலுக்கு வரும்போது மனதில் உள்ள படத்தையே மாற்ற வேண்டும். ரோட்டில் அகலம் ஒரு எண், உயரம் ஒரு எண். ரயிலில் இருப்பது ஒரு உருவம். தண்டவாளத்துக்கு மேலே, வண்டியும் சரக்கும் எந்த இடத்திலும் தாண்டக்கூடாத ஒரு கோட்டை வரைந்திருப்பார்கள். அதைத்தான் லோடிங் கேஜ் என்கிறோம். அதன் தோள்கள் மேலே போகப் போகச் சரிந்து குறுகும். இந்திய அகலப் பாதையில் பொதுவான வரம்பு நடுவில் 4265 மி.மீ. உயரம், ஓரத்தில் 3735 மி.மீ.தான். ஒரே வரம்புக்குள்ளேயே நடுவுக்கும் ஓரத்துக்கும் அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். அதனால் உருளையான பாய்லர் உள்ளே போய்விடும், அதே உயரமும் அகலமும் உள்ள சதுரப் பெட்டி மேல் மூலையில் இடிக்கும்.

இதனால்தான் ரயில்வேக்கு "அகலம் 3.4" என்று ஒரே எண்ணை அனுப்பினால் திருப்பிக் கேட்பார்கள். தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு உயரத்திலும் மையக்கோட்டிலிருந்து இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உருவம் எங்கெங்கே மாறுகிறதோ அங்கெல்லாம் ஓர் அளவு. கீழ்ப்பகுதியையும் விடாதீர்கள், பிளாட்பாரத்தின் விளிம்பு அந்த உயரத்தில்தான் காத்திருக்கும்.

கேஜ் என்ற சொல்லில் ஒரு குழப்பம் வரும். தண்டவாளங்களுக்கு இடையில் உள்ள தூரமும் கேஜ்தான்: 1435 மி.மீ., 1520, 1676, 1067, 1000 என்று பல உண்டு. தண்டவாளம் அகலமாக இருந்தால் சரக்கும் அதே விகிதத்தில் அகலமாகப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவின் பெரும்பகுதியும் வட அமெரிக்காவும் ஒரே 1435 பாதைதான் வைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் பரவலாகச் செல்லும் ஜி1 என்ற உருவம் 3.15 மீட்டர் அகலம், 4.28 மீட்டர் உயரம். வட அமெரிக்காவில் பிளேட் சி என்ற உருவம் சுமார் 3.25 மீட்டர் அகலம், 4.72 மீட்டர் உயரம். இரண்டடுக்குக் கண்டெய்னர் ஓடும் வழிகளில் 6.15 மீட்டர் உயரம் வரை போகிறது. பாதை ஒன்று, ஆனால் சுரங்கமும் பாலமும் கட்டிய காலமும் அளவும் வேறு.

நம் இயந்திரத்தை ஏற்றிப் பார்ப்போம். 1.2 மீட்டர் தள உயரமுள்ள தட்டையான வேகனில் 4.95 மீட்டர் வரும். ஜி1-க்கு மிக அதிகம். நடுப்பகுதி தாழ்ந்த வெல் வேகன் கிடைத்து, அதன் தளம் 0.6 மீட்டர் என்றால் 4.35. நடுவில் ஏழு செ.மீ. மீறல், தோள்பட்டையில் அதைவிட அதிகம், அகலத்திலும் மீறல். ஆகவே இது சிறப்பு அனுமதியோடுதான் போகும்.

ரயிலில் புதியவர்கள் தவறவிடும் இன்னொன்று வளைவு. வேகனின் இரண்டு போகிகளும், அதாவது முனைகளுக்கு அடியில் சக்கரங்களோடு தனியாகத் திரும்பும் சட்டங்களும், தண்டவாளத்தோடு வளைந்து போகும். நடுவில் உள்ள தளம் நேர்கோடாக இருப்பதால் வளைவின் உட்பக்கம் தள்ளும். எவ்வளவு என்று கணக்குப் போடுவது எளிது: போகி மையங்களுக்கு இடையிலான தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, வளைவின் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 14 மீட்டர் தூரம், 175 மீட்டர் ஆரம் என்றால் 196-ஐ 1400-ஆல் வகுத்து 0.14 மீட்டர். பதினான்கு செ.மீ. நேர்ப்பாதையில் மையத்திலிருந்து 1.70 மீட்டர் நிற்கும் நம் இயந்திரம், அந்த வளைவில் உட்பக்கம் 1.84 வரை வருகிறது. கேஜ் உருவத்தில் ஒரு மாதிரி வேகனுக்கான விலகலை ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். உங்கள் வேகன் அதைவிட நீளமாக இருந்தால் மிச்சத்தை நீங்கள் அகலத்தில் கழிக்க வேண்டும். போகிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சரக்கு இதற்கு எதிர்ப்பக்கம், வளைவின் வெளிப்புறம் தள்ளும். நீளமான தூண்களையும் காற்றாலை இறக்கைகளையும் ஏற்றும்போது இது பெரிய விஷயம்.

எடையில் ரயில்தான் கொடுத்துவைத்தது. ஐரோப்பாவில் பாதைகளை எழுத்தும் எண்ணும் சேர்த்து வகைப்படுத்துகிறார்கள். டி4 என்றால் ஆக்சிலுக்கு 22.5 டன், நீளத்தில் மீட்டருக்கு 8 டன். எழுத்து ஆக்சில் எடை, எண் மீட்டர் எடை. இரண்டையும் தாண்டக்கூடாது. மீட்டர் எடை எதற்கு என்றால் பாலத்துக்கு: ஆக்சில்கள் நெருக்கமாக இருந்தால் ஒரே இடைவெளிக்குள் அதிக எடை விழும். நான்கு ஆக்சில் வேகன் 90 டன் வரை நிற்கலாம். வேகனின் சொந்த எடை 25 டன் போனால் 65 டன் சரக்கு. ரோட்டில் எட்டு வரிசை டிரெய்லர் கேட்ட நம் 62 டன்னுக்கு இங்கே நான்கு ஆக்சிலே போதுகிறது. வெல் வேகன் அதைவிடக் கனம் என்பதால் ஆறு ஆக்சில் தேவைப்படலாம்.

நூற்றுக்கணக்கான டன் என்றால் ஷ்னாபெல் வேகன். இரண்டு பக்கமும் பெரிய கைகள் நீண்டு நடுவில் சரக்கைக் கவ்விப் பிடிக்கும். தளமே இருக்காது, சரக்கே வேகனின் நடு உடலாகிவிடும். அமெரிக்காவில் 36 ஆக்சில் கொண்ட ஒன்று உண்டு. இப்படித் தூக்க வேண்டுமானால் டிரான்ஸ்பார்மரின் கூட்டையே அதற்கேற்றபடி வடிவமைத்திருக்க வேண்டும். தயாரித்த பிறகு யோசித்துப் பயனில்லை.

ஏற்றும்போது சமநிலைக்கும் எண்கள் உண்டு. ஐரோப்பிய விதிப்படி ஒரு ஆக்சிலின் இடது, வலது சக்கர எடைகள் 1.25-க்கு 1 என்ற விகிதத்தைத் தாண்டக்கூடாது. போகி வேகனில் இரு போகிகளின் எடை 3-க்கு 1-ஐத் தாண்டக்கூடாது. வட அமெரிக்காவில் வேகனும் சரக்கும் சேர்ந்த எடை மையம் தண்டவாளத்திலிருந்து 98 அங்குலத்துக்கு, சுமார் 2.49 மீட்டருக்கு, மேல் போனால் தனி அனுமதி வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் அனுபவத்தில் கனம் அதிகம், அகலம் குறைவு என்றால் ரயில். அகலமும் உயரமும் அதிகம், கனம் நடுத்தரம் என்றால் ரோடு. ரோட்டில் எதிர்ப்பக்கத்தையும் பிடித்துப் போகலாம், ஒரு பலகையைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டலாம், கம்பியைத் தூக்கிப் பிடிக்கலாம். ரயில் தண்டவாளத்தை விட்டு ஒரு விரல்கூட ஒதுங்காது. அடுத்த பாதையில் எதிரே வரும் ரயிலை நிறுத்தி வைக்கலாம், சுரங்கத்தை அகலமாக்க முடியாது. ரயிலில் போனாலும் தொழிற்சாலையிலிருந்து யார்டுக்கும், யார்டிலிருந்து சரக்கை இறக்கும் இடத்துக்கும் ரோடு வேண்டும் என்பதால், கடைசிச் சில கிலோமீட்டருக்கான ரோடு அனுமதியைச் சேர்த்தே காலக்கணக்குப் போடுங்கள். பல திட்டங்கள் அங்கேதான் சிக்குகின்றன.

ரூட் சர்வே

வழியை மேப்பில் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். காரில் போய், நிறுத்தி நிறுத்தி அளக்க வேண்டும். பாலத்தின் பலகையில் எழுதிய உயரம், அதைப் போட்ட நாளில் சரியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அடியில் இரண்டு முறை தார் போட்டிருந்தால் ரோடு 10 செ.மீ. ஏறியிருக்கும். ரோடு சமமாக இல்லாத பாலத்தில் இரு ஓரமும் நடுவும் என்று மூன்று இடத்தில் அளக்கவும். மின்கம்பி காலையில் ஒரு உயரத்திலும் வெயில் ஏறிய மத்தியானத்தில் அதைவிடத் தாழ்வாகவும் இருக்கும், சூட்டில் உலோகம் நீண்டு தொய்யும். தாழ்ந்த அளவைத்தான் எழுத வேண்டும். மின்கம்பிக்குத் தொடாமல் இருந்தால் போதாது, பாதுகாப்பு இடைவெளி வேண்டும். அந்த எண்ணை மின்வாரியம்தான் சொல்லும். ரயில்வே கேட்டில் உயரக் கம்பம் இருக்கும், மேலே மின்பாதை இருந்தால் அதை நீங்களாக மீறக்கூடாது.

திருப்பங்களில் வண்டியின் நீளத்தோடு பின்னால் நீட்டியிருக்கும் பகுதி எந்தப் பக்கம் வீசும் என்று பாருங்கள். வண்டியை நிறுத்தி வைக்க இடம், இரவு தங்க இடம், மழை பெய்தால் சேறாகாத ஓரம். இவை எல்லாம் அறிக்கையில் போட்டோவோடும் கிலோமீட்டரோடும் வர வேண்டும். சர்வே முடிந்து ஒரு மாதம் கழித்து வண்டி கிளம்பினால், கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை திரும்ப ஓடிப் பாருங்கள். புதிதாக ஒரு வளைவுப் பந்தலோ வேகத்தடையோ வந்திருக்கும்.

அனுமதிக்கு என்ன கொடுக்க வேண்டும்

முன், பக்க, மேல் தோற்றங்களோடு ஏற்றிய நிலையில் டிராயிங், எடை மையம், ஒவ்வொரு ஆக்சிலின் எடையும் இடைவெளியும், வண்டியின் பதிவு விவரம், வழி, தேதி. ரயிலுக்கு வேகன் வகையும் ஏற்றும் நிலையமும் இறக்கும் நிலையமும். இந்தியாவில் வரம்பு மீறிய சரக்கை மீறலைப் பொறுத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். இடைவெளி ஆகக் குறைவாக இருக்கும் சி வகைக்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். எந்த நாட்டிலும் ரயில்வே ஒவ்வொரு பிரிவாகச் சோதித்துத்தான் பதில் சொல்லும். "ஒரு வாரத்தில் கிடைத்துவிடும்" என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அனுமதியில் எழுதிய எண்ணை விட ஒரு செ.மீ. கூடினாலும் அது அனுமதி இல்லாத லோடுதான். முதல் படியில் சொன்ன டேப்பை, லோடு ஏற்றிய பிறகு ஒருமுறை, வண்டி கிளம்பும் காலையில் ஒருமுறை எடுங்கள்.

கட்டுவது

ரோட்டுக்குக் கட்டிய கட்டு ரயிலுக்குப் போதும் என்று நினைப்பது ஆபத்து. ஐரோப்பிய ரோடு விதியில் முன்பக்கம் எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 பங்கு விசையைத் தாங்க வேண்டும். ரயிலில் யார்டில் வேகன்களை மேட்டிலிருந்து உருட்டிவிட்டுக் கோக்கும் இடங்களில், அசையாமல் கட்டிய சரக்குக்கு நீளவாக்கில் எடையின் நான்கு மடங்கு வரை கணக்கெடுக்கச் சொல்கிறார்கள். உருட்டிவிடக்கூடாது என்று அனுமதியிலேயே எழுதி வாங்கி, வேகனிலும் சீட்டு ஒட்டினால் அது ஒரு மடங்குக்கு இறங்கும். அந்தச் சீட்டை மறக்காதீர்கள்.

62 டன்னுக்கு ரோட்டில் முன்பக்கம் 49.6 டன் விசை. இரும்பின் மேல் இரும்பை நேராக வைத்தால் உராய்வு சுமார் 0.2, அது தாங்குவது 12.4 டன், மிச்சம் 37.2 டன்னைச் செயின்கள்தான் தாங்க வேண்டும். கிரேடு 8 வகையில் 13 மி.மீ. செயின் 10 டன் தாங்கும். 45 டிகிரிச் சாய்வில் இழுத்துக் கட்டினால் முன்-பின் திசைக்குக் கிடைப்பது ஏழு டன். ஆறு செயின் வேண்டும், அதுவும் பின்னோக்கி இழுக்கும் பக்கம் மட்டும். அடியில் நல்ல ரப்பர் பாய் விரித்து உராய்வை 0.6-க்குக் கொண்டுவந்தால் மிச்சம் 12.4 டன்தான், இரண்டு செயின். மேலிருந்து பார்த்தால் செயின் பக்கவாட்டிலும் கோணலாக நிற்கும், அதனால் நான் எப்போதும் கணக்கை விட இரண்டு கூடுதலாகப் போடுவேன். ஒரு ரப்பர் பாய் இத்தனை செயினின் வேலையைச் செய்கிறது. பாயை விரிப்பதற்கு முன்னால் தளத்தில் உள்ள எண்ணெயையும் மண்ணையும் துடைக்கச் சொல்லுங்கள், எண்ணெய் இருந்தால் பாய் விரித்தும் பிடிப்பு இருக்காது.

கிளம்பி இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாச் செயினையும் கையால் ஆட்டிப் பாருங்கள். முதல் குலுக்கலில் கட்டைகள் அமுங்கி, இறுக்கமாக இருந்தவை தளர்ந்திருக்கும். இறுக்கிவிட்டு, பைலட் வண்டியின் கம்பம் லோடை விட உயரமாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு, அப்புறம் போகச் சொல்லுங்கள்.